டியர்டிராப் டிரெய்லர் கிட்: மரத்துக்குக் காசு கொடுக்கலாம், இரும்புக்கு வேண்டாம்

டியர்டிராப் என்பது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் இரண்டு பேர் படுக்கை. உள்ளே மெத்தை, உட்காரலாம், நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்படி. அமெரிக்காவில் 1930களில் உருவான வடிவம். அகலம் 4 அடி, நீளம் 8 அடி என்று நின்றுபோனதற்குப் பெரிய காரணம் இல்லை. ப்ளைவுட் ஷீட் அந்த அளவில்தான் வருகிறது. இப்போது அங்கே இதைக் கணினி இயக்கும் மரம் வெட்டும் ரூட்டரில் துண்டு துண்டாக வெட்டி, தட்டையான பெட்டியில் அடுக்கி, கிட்டாக விற்கிறார்கள். அந்தக் கிட்டைக் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ வரவழைத்துக் கட்டினால் எது தேறும், எது தேறாது என்பதுதான் இங்கே பேச்சு. விற்பவர் யாராக இருந்தாலும் இந்த வகைக் கிட்டுகளின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே குறைகளும் ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காசு பெறுவது மரம்: பக்கச் சுவர்களின் வளைவு, பின்மூடியின் வளைந்த சட்டங்கள், கதவு வெட்டு, மூடிக்கான நீள அலுமினிய கீல். நல்ல ஆசாரி ஜிக்சாவால் இதைச் செய்ய முடியும். ஆனால் இடச்சுவரும் வலச்சுவரும் 2 மி.மீ. வித்தியாசப்பட்டால் பின்மூடி முறுக்கிக்கொண்டு ஒரு மூலையில் தூக்கி நிற்கும், அதற்கு மருந்து கிடையாது. ரூட்டர் அந்தத் தவறைச் செய்யாது. இரும்புச் சட்டம், சக்கரம், விளக்கு, நட்டு போல்ட், ரெசின், அடுப்பு எல்லாவற்றையும் இங்கேயே வாங்குவது மேல். ஆர்டர் போடும்போதே 'சேஸிஸ் வேண்டாம், கெமிக்கல் வேண்டாம்' என்று எழுதிவிடுங்கள். எப்பாக்ஸி ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் அரிக்கும் பொருள் என்ற வகையில் ஆபத்துச் சரக்காகத்தான் ஏற்றப்படும். அதைக் கூடவே வரவழைத்தால் மரமும் சேர்ந்து துறைமுகத்தில் காத்துக் கிடக்கும்.

கிட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, 18 மி.மீ. சுவர், குறுக்குச் சட்டங்கள், மேலே மெல்லிய ப்ளை அல்லது அலுமினியத் தகடு. பசையும் திருகாணியும் போதும், மரவேலை தெரிந்தவர் உடனே பிடித்துக்கொள்வார். இன்னொன்று படகுக் கிட் விற்பவர்களிடமிருந்து வந்தது. மேரிலாந்து மாநிலம் அன்னபோலிஸில் இருக்கும் செசபீக் லைட் கிராஃப்ட் இந்த வகைக்குப் பெயர் போனது. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் எப்பாக்ஸி பூசி, மேலே கண்ணாடி இழைத் துணி போர்த்துவார்கள். கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகு அலை தாண்டி ஓடிய கரை இது. யோசனை நமக்குப் புதிதல்ல. கடலோரத்தில் வைத்துக்கொள்ளப் போகிறவர் இரண்டாவது சாதியை எடுப்பது நல்லது. தகடு போர்த்திய வகையில் உப்புக்காற்று தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே புகுந்துவிட்டால், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் இற்றுப்போகும். முதல் வகையே வாங்கினாலும் தகட்டை விட்டுவிட்டுத் துணியும் எப்பாக்ஸியும் போடலாம், ஒன்றும் குறையாது.

பெட்டி வந்ததும் மூன்று காரியம். வெளிச் சட்டம் கட்டை மரமாக இருந்தால் அதில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரையும் வெப்பச் சிகிச்சைக் குறியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் சிக்கல், இதை அனுப்புவதற்கு முன்பே விற்பவரிடம் புகைப்படமாகக் கேளுங்கள். அடுத்து, துண்டுகளைச் சுவரில் சாய்க்காமல் தரையில் மூன்று ரீப்பர் போட்டுப் படுக்க வைத்து, ஒரு வாரம் நிழலில் விடுங்கள். குளிர்நாட்டிலிருந்து உலர்ந்து வந்த மரம் நம் ஈரக்காற்றைக் குடித்து லேசாக உப்பும். வந்த அன்றே ஒட்டினால் சொருகு இறுகி முனை பிளந்துவிடும். மூன்றாவது, வெர்னியரால் தடிமன் அளப்பது. அவர்கள் முக்கால் அங்குலம் என்று சொல்வது 18 மி.மீ.க்குச் சற்று மேலே நிற்கும். நம் கடை 18 மி.மீ. பல நேரம் 17.5 தான். ஒரு துண்டு உடைந்து உள்ளூர்ப் ப்ளையில் மாற்று வெட்டினால் காடியில், அதாவது சொருகும் பள்ளத்தில், ஆடும். அந்த இடைவெளியை மரத்தூள் கலந்த எப்பாக்ஸியால் நிரப்பலாம். ஃபெவிகால் நிரப்பாது, சுருங்கிவிடும்.

மாற்று ப்ளை வாங்குவதென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் மட்டும். 303 என்று போட்டது வீட்டு அலமாரிக்கு. 710 பலகை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது விதி. முத்திரையை நம்பாதவர் விரல் நீளத் துண்டு ஒன்றை நாலைந்து மணி நேரம் கொதிக்க வைத்துப் பார்க்கலாம். அடுக்கு பிரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். எடையும் கவனம்: கிட்டில் வரும் ஒக்குமே என்ற இலேசான மரம் 18 மி.மீ. முழு ஷீட் 24, 25 கிலோ. நம் மரைன் ப்ளை 33இலிருந்து 38 வரை போகும். 'அங்கே வாங்குவானேன், வரைபடத்தை மட்டும் வாங்கி இங்கேயே வெட்டிக்கொள்ளலாம்' என்று நினைப்பவர் மொத்தத்தில் 40 கிலோ கூடுதலாக இழுக்கத் தயாராக வேண்டும். சின்னக் காருக்கு அது சின்ன எடையல்ல.

சேஸிஸ். கிட்டோடு சேர்த்துத் தரும் போல்ட் போட்டுப் பூட்டும் சட்டத்தை வாங்காதீர்கள் என்பதற்கு மூன்று காரணம். அதன் கொக்கி 2 அங்குல இரும்புப் பந்தின் மேல் உட்காருவது, அதாவது 50.8 மி.மீ. இங்கே கார் பின்னால் போடும் பந்து பெரும்பாலும் 50 மி.மீ. போய் மாட்டும், பூட்டும் விழும், ஆனால் 0.8 மி.மீ. ஆட்டம் இருக்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த ஆட்டம் தேய்ந்து பெரிதாகும். இரண்டாவது, அதன் போல்ட்டுகள் அங்குல மரை. கால் அங்குல நட்டு கழன்று ரோட்டில் விழுந்தால் நம் ஹார்டுவேர் கடையில் எம்6தான் நீட்டுவார்கள். அது ஏறவே ஏறாது. மூன்றாவது சக்கரம்: 4.80-12 டயர் பஞ்சரானால் மாற்று எங்கே? அதே 12 அங்குலத்தில் பழைய ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 எந்த ஊரிலும் கிடைக்கும். ஆல்ட்டோ ஹப், பேரிங், டிஸ்க் மூன்றையும் ஒரே குடும்பத்தில் எடுத்துவிட்டால் பிறகு கவலை இல்லை. ஆட்டோ சக்கரம் போட்டால் மலிவு என்று பட்டறையில் சொல்வார்கள். 4.00-8 டயர் 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 780 சுற்று சுற்றும். 12 அங்குலம் 600 சுற்றோடு நிற்கும். நீள ஓட்டத்தில் பேரிங் சூடாவது அந்த வித்தியாசத்தால்தான்.

டிராக்டர் டிரெய்லர் செய்யும் வெல்டிங் பட்டறைகள் கடலூர் மாவட்டத்தில் எங்கும் உண்டு. அவர்களிடம் விட்டால் ஒரு ஆபத்து: அவர்கள் கை கரும்பு ஏற்றும் வண்டிக்குப் பழகியது, சி-சேனலில் 150 கிலோவுக்குச் சட்டம் செய்து நிறுத்துவார்கள். 50க்கு 50, 3 மி.மீ. சதுரக் குழாய் போதும் என்று எழுதிக் கொடுங்கள். மீட்டருக்குச் சுமார் 4¼ கிலோ. 2.44 மீட்டரில் நீளச் சட்டம் இரண்டு, 1.22இல் குறுக்குச் சட்டம் ஐந்து, முன்னால் வி வடிவ இழுகம்பிக்கு 3 மீட்டர்: மொத்தம் 14 மீட்டர், 60 கிலோ. வெல்டிங் முழுக்க ஓட்டுவதற்கு முன் பொட்டு வைத்து மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள், 2728 மி.மீ. வர வேண்டும். இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே தட்டி நேராக்க வேண்டும். கிட்டின் தரைப்பலகை துல்லியமான செவ்வகம், சட்டம் கோணலாக இருந்தால் பலகையும் சேர்ந்து கோணும். பிறகு கதவு உரசுகிறது என்று கதவை இழைத்துக்கொண்டிருப்பார்கள். குற்றம் கதவில் இல்லை.

இந்தக் கரையில் ரெட் ஆக்சைடு மேல் கறுப்பு பெயிண்ட் அடிப்பது ஒரு மழைக்காலத்துக்குத்தான். ஹாட் டிப் கால்வனைசிங் செய்யுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் 10 மி.மீ. துளை கட்டாயம், மூடிய குழாயை உருகிய துத்தநாகத்தில் இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடிக்கும். அதே துளைகள் பிற்பாடு மழைநீர் வடியவும் உதவும். கொக்கிக்கான அடைப்புத் தகடு, ஸ்பிரிங் பிராக்கெட், சங்கிலி வளையம், நம்பர் பிளேட் தாங்கி எல்லாம் முக்குவதற்கு முன்பே வெல்டிங் ஆகியிருக்க வேண்டும். முக்கிய பின் ஒரு வெல்டிங் வைத்தாலும் அந்த இடத்தில்தான் முதல் துரு பூக்கும், சுடும்போது கிளம்பும் துத்தநாகப் புகையும் நஞ்சு.

சட்டத்துக்கும் தரைப்பலகைக்கும் இடையே 3 மி.மீ. ரப்பர் பட்டை போடுங்கள். நேராக உட்கார வைத்தால் இடுக்கில் தண்ணீர் நிற்கும். எட்டு எம்8 போல்ட், ஸ்டெயின்லெஸ் 316 கிரேடு. 304 கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். உயிருக்கு மோசமில்லை, பார்வைக்கு மோசம். துத்தநாகம் பூசிய மஞ்சள் திருகாணி தேவனாம்பட்டினம் மாதிரி இடத்தில் சில மாதங்களில் தலை கரைந்துவிடும். கிட்டில் வரும் திருகாணிப் பொட்டலம் பல நேரம் இந்தச் சாதிதான், எடுத்து ஓரமாக வையுங்கள்.

இனி எப்பாக்ஸி. இந்த வேலை உருப்படுவதும் கெடுவதும் இங்கேதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் ஃபைபர் படகு வேலை செய்கிறவர்கள் நிறைய. கை சுத்தமானவர்கள், ரோலர் பிடிக்கும் அழகே தனி. ஆனால் அவர்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின். அது ஃபைபர் மேல் ஃபைபர் பிடிக்கும்; ப்ளைவுட் மேல் நாளடைவில் உரியும். மரம் ஈரத்துக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும்போது பாலியெஸ்டர் கூட அசையாது, மயிரிழை விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் போகும். ஆளை வையுங்கள், பொருளை மாற்றுங்கள். அவர்களிடம் இருக்கும் 'மேட்' என்ற கண்ணாடி இழை விரிப்பும் ஆகாது. வெட்டிய இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் கரையாமல் விறைத்துக்கொண்டு வளைவில் படியாது. நெய்த துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம், அதுதான் வேண்டும். அப்படியும் யாராவது பாலியெஸ்டரில் வேலை தொடங்கினால் ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுக்கக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட்.

அளவு: 4க்கு 8 டியர்டிராப்பின் வெளிப்பரப்பு சுமார் 9 சதுர மீட்டர். துணி நனைய 2 கிலோ, துணியின் நெசவு மறைய இரண்டு பூச்சுக்கு 2¾ கிலோ, உட்புறம் இரண்டு பூச்சுக்கு 2¼, மூட்டுகளுக்கு 1½. வீணாவது சேர்த்து 11 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். விகிதத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். நம்மூரில் பரவலாகக் கிடைக்கும் லேமினேட்டிங் எப்பாக்ஸி எடையில் 100க்கு 10; ஹார்ட்னர் கொஞ்சம் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று ஒரு கை சேர்த்து ஊற்றுவது பாலியெஸ்டர் பழக்கம். எப்பாக்ஸியில் கூடுதல் ஹார்ட்னர் வேகம் தராது, எதிலும் சேராமல் மிஞ்சிப் பரப்பை மெழுகு மாதிரி ஆக்கும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும்.

நம் வெயிலில் ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்கக் கூடாது. கலந்ததும் டப்பாவிலேயே விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் பத்து, பதினைந்து நிமிடத்தில் புகைந்து கல்லாகும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் இருமடங்கு நேரம் கிடைக்கும். மரத்துக்கு முதல் பூச்சு எப்போதும் பிற்பகல் நான்கு மணிக்கு மேல். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், பூச்சு முழுக்க ஊசிக் குமிழ். மாலையில் மரம் குளிரும்போது காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே ரெசின், ஒரே கை. நேரம் மட்டும் மாறியதற்கு இவ்வளவு வித்தியாசம்.

ஈரக்காற்று இன்னொரு வேலை செய்யும். மறுநாள் பூச்சின் மேல் எண்ணெய் தடவியது போல் ஒரு வழவழப்பு இருக்கும். ஹார்ட்னரில் உள்ள அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து படிவது அது. அதன் மேல் அடுத்த பூச்சு போட்டால் தாள் தாளாக உரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாது, இன்னும் உள்ளே தேய்த்துவிடும். வெறும் தண்ணீரும் பாத்திரம் துலக்கும் பச்சை நாரும் போதும்; கழுவி, துடைத்து, உலர்ந்த பின் 120 நம்பர் உப்புத்தாள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். மாசியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். அப்போதும் கடற்காற்று நேராக அடிக்கும் இடம் என்றால் தார்ப்பாய் கட்டுங்கள். மரத்தில் உப்புப் படிந்திருந்தால் பூசுவதற்கு முன் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து உலர விட வேண்டும்.

ப்ளைவுட்டின் முகம் அவ்வளவு சுலபமாகக் கெடாது, ஓரம்தான் கெடும். ஒவ்வொரு துண்டின் ஓரத்துக்கும் சேர்க்கும் முன்பே மூன்று பூச்சு, அதுவும் முதல் பூச்சு காய்வதற்குள் மீண்டும் மீண்டும் குடிக்கக் கொடுக்க வேண்டும். திருகாணித் துளையும் ஓரம்தான். எம்6 போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போட்டு, எப்பாக்ஸியால் அடைத்து, காய்ந்த பின் நடுவில் 6.5 போடுங்கள், போல்ட் மரத்தைத் தொடாது, தண்ணீரும் தொடாது. கிட்டின் கையேடுகள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும். குளிர், உலர்ந்த ஊருக்கு அது போதும். இங்கே கதவு விளிம்பு, கீல் வரிசை, விளக்குத் துளை, ஜன்னல் வெட்டு எதையும் விடக் கூடாது. எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது என்பதால் கடைசியில் இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட், வெள்ளை அல்லது வெளிர் நிறம். மர நிறம் தெரிய வார்னிஷ் அடிப்பது படத்தில் அழகு. கத்திரி வெயிலில் ஆண்டுக்கொரு முறை மீண்டும் அடிக்கத் தயாரானவர்கள் செய்யட்டும்.

கூரை வளைப்பதில் கிட்டுகள் நன்றாகவே யோசித்திருக்கின்றன: 3 மி.மீ. உள் கூரை, நடுவே ஒரு அங்குல வெப்பத் தடுப்பு, மேலே இன்னொரு 3 மி.மீ. முன்பக்க வளைவில் ப்ளையின் முகநார் வளைவோடு சுற்றி ஓடினால் முறியும் பயம் உண்டு. வெந்நீரில் நனைத்த பழைய வேட்டியைப் போர்த்தி, அரைமணி விட்டு, லாரிக்காரர்கள் போடும் ராட்செட் பெல்ட் மூன்றால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி ஒரு இரவு விட்டால் படியும். நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். வெப்பத் தடுப்புக்குத் தெர்மாகோல் போடுபவர்கள் டப்பா ரப்பர் பசையால் ஒட்டிவிடாதீர்கள். அதில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், மறுநாள் கூரைக்குள் வெறும் குழிதான் மிச்சம்.

கூரையில் 14 அங்குலச் சதுர வெட்டு இருக்கும், 12 வோல்ட் காற்றாடிக்கு. இதை மட்டும் வெளிநாட்டுப் பொருளாகவே வாங்கலாம். அந்த வெட்டுக்குப் பொருந்துவதும் மழை மூடியோடு வருவதும் இங்கே அரிது. இரண்டு பேர் மூச்சில் ஓர் இரவுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ஈரம் சேரும். காற்றாடி இல்லாமல் கதவை மூடிப் படுத்தால் மெத்தையின் அடிப்பக்கம் காலையில் நனைந்திருக்கும், இரண்டு மாதத்தில் பூஞ்சை. மெத்தைக்கு அடியில் 10 மி.மீ. ரீப்பர் வரிசை போட்டுக் காற்றோட விடுங்கள்.

பின்மூடி. டியர்டிராப்பில் ஒழுகாத பின்மூடியைப் பார்த்தவர்கள் குறைவு என்பார்கள். கீல் பக்கம் அல்ல, இரு பக்கவாட்டு விளிம்பில்தான் ஒழுகும். கிட்டில் ரப்பர் சீல் ஒரு வரிசைதான் கொடுக்கிறார்கள். மூடி அதன் மேல் அழுத்தி உட்காரும். ஓடும்போது வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, மழைநீரை அந்த விளிம்பு உள்ளே உறிஞ்சும். இரண்டு திருத்தம் தேவை. சீலுக்கு வெளியே 10 மி.மீ. அகலத்தில் ஒரு காடி, கீழே வரை இறங்கி வெளியே திறக்கும் மாதிரி. தண்ணீர் சீலை எட்டும் முன்பே வடிந்துவிடும். சீலையும் ஆங்கில D வடிவக் குழல் ரப்பராக மாற்றுங்கள். கார் கதவு ரப்பர் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பாதி அமுங்கினால் போதும். முழுக்க நசுக்கினால் ஒரு கோடையில் தட்டையாகிவிடும். வைத்துப் பார்க்கும் சோதனை: உள்ளே சுண்ணாம்புப் பொடி தூவி மூடி, பத்து நிமிடம் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஹோஸ் பிடியுங்கள். திறந்தால் தண்ணீர் வந்த தடம் பொடியில் எழுதியிருக்கும். பாத்ரூம் சிலிக்கானால் அடைக்காதீர்கள். ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் நிற்காது, வேறு பசையும் பிடிக்காது. பியூட்டைல் டேப் அல்லது பி.யூ. சீலன்ட்.

மூடியைத் தாங்கும் வாயு அடைத்த தூக்குக் கம்பியில், அதாவது கேஸ் ஸ்ட்ரட்டில், பவுண்டு எண் இருக்கும். நம் கடைகளில் நியூட்டன். 60 பவுண்டு என்பது 267 நியூட்டன். கணக்கு எளிது: மூடி 14 கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து 60 செ.மீ., ஸ்ட்ரட் தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் செங்குத்துத் தூரம் 20 செ.மீ. என்றால் இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் தலா சுமார் 206 நியூட்டன் வேண்டும். 250 வாங்கினால் காற்றிலும் நிற்கும். எப்பாக்ஸி, துணி எல்லாம் போட்ட பிறகு மூடியை எடை போட்டுவிட்டு வாங்குங்கள். கிட்டோடு வருவது வெறும் மரத்தின் எடைக்கு வைத்த கணக்கு, அடுப்பு பற்ற வைத்துக் குனிந்திருப்பவர் தலையில் மெல்ல இறங்கும்.

விளக்கு. கிட்டின் வயரிங் நான்கு கம்பி: வெள்ளை எர்த், பழுப்பு டெயில், மஞ்சளும் பச்சையும் இட வல இண்டிகேட்டர். அங்கே பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு பல்ப். நம் காரில் இண்டிகேட்டர் தனி, ஆரஞ்சு. நேராக இணைத்தால் பிரேக் விளக்கே எரியாது. முழுவதையும் கழற்றிப் போட்டுவிட்டு ஏழு முனை வட்டச் சாக்கெட்டும் லாரி எல்.இ.டி. விளக்கும் போடுங்கள்: 1 மஞ்சள் இடது இண்டிகேட்டர், 3 வெள்ளை எர்த், 4 பச்சை வலது, 5 பழுப்பு வலது டெயில், 6 சிவப்பு பிரேக், 7 கறுப்பு இடது டெயில். 2 பின் மூடுபனி விளக்குக்கு, காலியாக விடலாம். எர்த்தைக் கொக்கியின் இரும்பு வழியே விடாதீர்கள். ஒரு பருவத்தில் துரு பிடித்து விளக்குகள் விருப்பம் போல் மின்னும். கிட்டின் 120 வோல்ட் சாக்கெட் பகுதியையும் தொடவே வேண்டாம். 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று, 20 செ.மீ.க்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ். காற்றாடி 2.5 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரத்துக்கு 25, விளக்குக்கு 4. ஓர் இரவு தாராளம், இரண்டாம் இரவு காற்றாடியைக் குறைத்து வைத்தால்தான் ஓடும்.

கதவு ஒன்று மட்டும் உள்ள மலிவுக் கிட் வாங்குபவர்கள் கவனிக்க: அங்கே சாலையோரம் வலப்பக்கம், ஆகவே கதவும் வலப்பக்கம். நம் ஊரில் அது பஸ் போகும் பக்கம். சுவரைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்றால் சட்டம் சொருகும் காடிகள் வெளிப்பக்கம் வந்துவிடும். இரண்டு கதவுக் கிட், அல்லது இடப்பக்கம் வெட்டித் தருவீர்களா என்று முன்பே கேட்பது.

கட்டி முடித்ததும் எடை: சட்டம், ஆக்சில், சக்கரம் 130, உடல் 170, 180, சாமான் 70. மொத்தம் 380 கிலோ பக்கம். இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 38 கிலோ, கொக்கியின் மேல் உட்கார வேண்டும். எடை பார்க்கும் மெஷினை ஒரு கட்டை மேல் வைத்துக் கொக்கியை அதில் இறக்கினால் தெரியும். குறைந்தால் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போதே பின்பக்கம் நாய் வால் மாதிரி ஆடும், பிரேக் அடித்தால் ஆட்டம் கூடும். அடுப்படி பின்னால் இருப்பதால் இந்த வடிவத்துக்கே அந்த நோய் உண்டு. ஆக்சிலுக்கு 85 செ.மீ. பின்னால் வைக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று கொக்கி எடையில் 6½ கிலோவைக் குறைத்துவிடும். இரண்டு கேன் பின்னால் ஏற்றினால் 38 என்பது 25 ஆகும். தண்ணீரைக் கதவு வழியே முன்பக்கம் வையுங்கள். ஆக்சிலை உடலின் முன் விளிம்பிலிருந்து 1.45 மீட்டரில் வைத்து, நாலு துளை கூடுதலாகப் போட்டு, 5 செ.மீ. முன்பின் நகர்த்த வழி விட்டால் பிறகு திண்டாட வேண்டியதில்லை. பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, கொக்கிக்கு அடியில் குறுக்காக. கொக்கி கழன்றால் இழுகம்பி தரையைக் குத்தாமல் அந்தத் தொட்டில் மேல் விழும்.

பதிவு விஷயத்தைக் கடைசியில் எழுதினாலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். டிரெய்லருக்கும் மற்ற வண்டிகளைப் போலவே தனிப் பதிவு வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவு. இழுக்கும் காரின் எண்ணும் டிரெய்லரின் பின்னால் இருக்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டர் சொச்சம்தான், அதற்குள் டி.என். 31இலிருந்து பி.ஒய். 01க்கு எல்லை தாண்டிவிடுவீர்கள். பதிவில்லாத பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தச் சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்ல முடியாது. கிட் ஆர்டர் போடும் முன் வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், என்ன ஒப்புதல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். காரின் கையேட்டில் இழுவை எடை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காருக்கு இந்தக் கிட் வேண்டாம். ஓடும்போது உள்ளே ஆள், குழந்தை, நாய் யாரும் இருக்கக் கூடாது.

மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது தார்ப்பாயை இறுகக் கட்டாதீர்கள். உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், வாடைக்காற்றில் அடித்து அடித்துப் பெயிண்டையும் தேய்க்கும். மேலே கீற்றோ தகடோ போட்ட கொட்டகை, முன்பக்கம் ஒரு செங்கல் உயரம் தூக்கி, காற்றாடி மூடியை இரண்டு விரல் திறந்து வைப்பது. புயல் எச்சரிக்கை வந்தால், தானே புயலும் ஃபெஞ்சல் புயலும் கரையேறிய ஊர் இது, 380 கிலோ பெட்டி காற்றுக்கு ஒரு பாய்மரம்தான். சக்கரத்தைக் கழற்றிச் சட்டத்தைத் தரையில் இறக்கி, நான்கு மூலையிலும் கட்டுங்கள்.